வெள்ளி என்று இரண்டு பேருக்குச் சொன்ன மாலை

ஓய்வு பெற்றவரைப் பேசக் கூப்பிட்டால் சாதனைகளைச் சொல்வார் என்று எதிர்பார்ப்பீர்கள். என்னிடம் அப்படிச் சொல்ல அதிகம் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு தொலைபேசியை எடுத்தேன். "அது வெள்ளி" என்று சொன்னேன். வைத்தேன். நடுநடுவே சில தடவை "அது வியாழன்" என்றும் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் நால்வரும் அடுத்த வாரத்திலிருந்து முறை வைத்து அதே தொலைபேசியை எடுக்கப் போகிறீர்கள். வானத்தில் எதையாவது பார்த்துவிட்டுக் குழம்பியவர்கள் நம் வானியல் நிலையத்தைக் கூப்பிடும் எண் அது. அலுவலகம் மூடிய பிறகு வரும் அழைப்புகள், அந்த வாரம் யாருடைய முறையோ அவருடைய கைக்கு வந்துவிடும். தொலைநோக்கியை இயக்குவதையும் கணினியில் பட்டியல் பார்ப்பதையும் உங்களுக்குக் கற்றுத்தர வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு குரலை மட்டும் வைத்துக்கொண்டு வானத்தில் ஒரு புள்ளியைத் தேடும் வேலையைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன்.

வானத்தில் உள்ள எதற்கும் இரண்டு விலாசம் உண்டு. ஒன்று அதன் சொந்த விலாசம். வல ஏற்றம், நடுவரை விலக்கம் என்று படித்திருப்பீர்கள். பூமியில் வரைந்த கோடுகளை அப்படியே வானத்தில் ஒட்டிவைத்தது போன்ற கணக்கு அது. கிள்ளானிலிருந்து பார்த்தாலும் கிரீன்லாந்திலிருந்து பார்த்தாலும் அது மாறாது. இன்னொன்று பார்ப்பவரின் விலாசம்: எந்தத் திசை, தொடுவானத்திலிருந்து எவ்வளவு உயரம். இது நிற்கும் இடத்துக்கு ஏற்ப மாறும், நிமிடத்துக்கு நிமிடமும் மாறும். நம்மைக் கூப்பிடுகிறவர்கள் இந்த இரண்டாவது விலாசத்தைத்தான் சொல்வார்கள். ஆனால் பாகை கணக்கில் சொல்ல மாட்டார்கள். "மூணாவது வீட்டுத் தண்ணித் தொட்டிக்கு மேல" என்பார்கள். அதை எண்ணாக மாற்றுவது நம் பொறுப்பு. அதற்குக் கை போதும். கையை நேராக நீட்டி விரல்களை மூடினால், அந்த முஷ்டியின் அகலம் ஏறத்தாழ பத்துப் பாகை. சின்னக் கை உள்ளவருக்குக் கை நீளமும் குறைவு, ஆகவே எல்லோருக்கும் கணக்கு ஒன்றுதான்.

எனக்கு முன் அந்த மேசையில் இருந்தவர் சுவரில் ஓர் அட்டை ஒட்டி வைத்திருந்தார். மூன்று கேள்விகள். எங்கே நிற்கிறீர்கள்? எத்தனை முஷ்டி உயரம்? நகர்கிறதா? யார் கூப்பிட்டாலும், என்ன சொன்னாலும், இந்த மூன்றையும் கேட்காமல் அவர் வாய் திறக்க மாட்டார். கிள்ளானில் இருந்து ஓர் அம்மா ஐந்து நாள் தொடர்ந்து கூப்பிட்டுச் சிவப்பு நட்சத்திரம் ஒன்றைப் பற்றிச் சொன்னார். ஆறாம் நாள் இவர், "ஆன்டி, ஒரு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை பாத்துட்டுக் கூப்பிடுங்க" என்றார். அந்த அம்மாவும் கூப்பிட்டார். "அங்கேயேதான் இருக்கு தம்பி."

"அப்போ அது கிரேன், ஆன்டி."

பக்கத்தில் அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். வானத்தில் உள்ளது எதுவானாலும் மணிக்கு ஒன்றரை முஷ்டி நகர்ந்தாக வேண்டும். நகராதது நம் ஊர்க்காரர் ஏற்றி வைத்த விளக்கு. அந்த அம்மாவுக்கு அது பெரிய ஏமாற்றம். இவர் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

அவர் வேலையை விட்டுப் போன பிறகு அறைக்குப் புதுச் சாயம் அடித்தபோது நான் அந்த அட்டையைக் கழற்றினேன். திரும்ப ஒட்டவில்லை. எனக்குத்தான் மனப்பாடமாகத் தெரியுமே.

இனி நடந்ததைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை மாலை. அந்த வாரம் என் முறை. என் தங்கை விமலா தன் மகள் நிச்சயதார்த்தத்துக்குப் புடவை எடுக்க என்னைப் பிரிக்பீல்ட்ஸுக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தாள். மூன்றாவது கடை. கடைக்காரர் எங்கள் முன்னால் முப்பது புடவைகளை விரித்துவிட்டு, முப்பத்தோராவதற்கு ஏணியில் ஏறியிருந்தார். அப்போது தொலைபேசி அடித்தது.

"ஹலோ, நட்சத்திர ஆபீஸா?"

"ஆமாக்கா, சொல்லுங்க."

"நான் கேரி தீவுலேர்ந்து பேசுறேன். சரோஜா. கடல் பக்கம் செவப்பா ஒரு வெளிச்சம் தெரியுது. மினுக்கு மினுக்குங்குது. நேத்து இல்ல."

அந்த மாதம் மாலை வானத்தில் மேற்கே வெள்ளி பிரகாசமாக இருந்தது. பத்திரிகையில் படம் வந்திருந்தது, நம் எண்ணையும் போட்டிருந்தார்கள். அந்த வாரம் வந்த அழைப்புகள் அத்தனையும் வெள்ளிதான்.

"மேற்கேதானே பாக்குறீங்க?"

"ஆமா."

"அது வெள்ளிக்கா. கீழ எறங்க எறங்க அப்படித்தான் செவப்பாத் தெரியும், மினுக்கும். பயப்படாதீங்க."

"பயப்படலக்கா. கேக்குறேன்."

இந்தப் பக்கம் விமலா இரண்டு புடவைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "தங்க ஜரிகையா, வெள்ளி ஜரிகையா? சீக்கிரம் சொல்லு" என்றாள்.

"வெள்ளி," என்றேன். இருவருக்கும் பொதுவாக. இருவரும் சரி என்றார்கள். அவர்களில் ஒருத்திக்குத்தான் நான் சரியாகச் சொல்லியிருந்தேன்.

குறிப்பேட்டில் எழுதினேன்: ஏழு முப்பத்து நான்கு, கேரி தீவு, வெள்ளி.

எட்டு மணிக்கு அடுத்த அழைப்பு. மோரிப் போகும் சாலையில், கடலோரத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். பெயர் காசிம். பின்னால் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசும் சத்தம்.

"அக்கா, ஒரு டவுட் லா. கடையில ரெண்டு பேரு சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க. மேல வெள்ளையா ஒண்ணு இருக்கு, கீழ செவப்பா ஒண்ணு இருக்கு. எது வெள்ளி?"

"மேல இருக்கிறதுதான் வெள்ளி, அண்ணே."

"பாத்தியா, நான் சொன்னேன்ல!" என்று யாரிடமோ கத்திவிட்டு, "அப்போ கீழ இருக்கிறது என்னாக்கா?" என்றார்.

செவ்வாய் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். சிவப்பு என்றால் செவ்வாய். இதை நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும், அந்த மாதம் செவ்வாய் விடியற்காலையில்தான் தெரிந்தது. எனக்கு அது தெரியும். அப்படியும் அந்தச் சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கேட்டவுடன் பதில் சொல்லிப் பழகிய நாக்கு அது.

வாயை மூடிக்கொண்டேன். பிறகு கேட்டேன்: "கீழ இருக்கிறது எவ்வளவு கீழ, அண்ணே?"

"கீழேன்னா... தண்ணி மேல."

வெள்ளிக்கு நேர் கீழேயா, பக்கவாட்டிலா என்று கேட்டேன். முஷ்டி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தேன். வெள்ளியிலிருந்து வலது பக்கம் இரண்டு முஷ்டி தள்ளி, என்றார். திரும்பக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டு, கேரி தீவு எண்ணைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"சரோஜா அக்கா, அந்த வெளிச்சம் இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"எவ்வளவு உயரத்துல?"

"என்னா உயரம்? கடல் மேல உக்காந்திருக்கு."

"மொதல்ல கூப்பிட்டீங்களே, அப்போ?"

"அப்பவும் கடல் மேலதான். நீங்க கேக்கலையே." பிறகு சொன்னார்: "அக்கா, மேகம் விலகிடுச்சு. இப்போ மேல இன்னொன்னு தெரியுது, வெள்ளையா. நீங்க சொன்ன வெள்ளி அதுதானோ?"

அதுதான் என்றேன். அவர் குரலில் கிண்டல் இல்லை. இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

ஏழு முப்பத்து நான்குக்குக் கடல் மேல் உட்கார்ந்திருந்த கிரகம் எட்டு மணிக்கு மூழ்கிப் போயிருக்க வேண்டும். மூழ்காமல் இருந்தால் அது வானத்தில் இல்லை. கடலில் இருக்கிறது. கடலில் சிவப்பாக மினுக்குவது நெருப்பு. கடல் நடுவில் யாரும் குளிர் காய நெருப்பு மூட்ட மாட்டார்கள்.

"அக்கா, வேலை ஒண்ணு தரேன், செய்வீங்களா?"

"சொல்லுங்க. பொழுது போகாம நான் கூப்பிடல."

கையை நீட்டி அளக்கச் சொன்னேன். வெள்ளியிலிருந்து இடது பக்கம் மூன்று முஷ்டி என்றார். இன்னொரு தடவை அளக்கச் சொன்னேன். மூன்றுதான். அங்கே காசிமுக்கு வலது பக்கம் இரண்டு, இங்கே இவருக்கு இடது பக்கம் மூன்று. வெள்ளி அவ்வளவு தூரத்தில் இருக்கிறது, கேரி தீவிலிருந்து பார்த்தாலும் மோரிப் சாலையிலிருந்து பார்த்தாலும் அதே திசையில்தான் தெரியும். ஆகவே இடம் மாறியது வெள்ளி இல்லை. அந்த நெருப்பு இருவருக்கும் நடுவில், கிட்டத்தில் இருந்தது.

கடைக்காரரிடம் காகிதம் கேட்டேன். புடவை சுற்றும் பழுப்புத் தாளைக் கிழித்துக் கொடுத்தார். என் சொந்தக் கைத்தொலைபேசியில் வெள்ளி அந்த நிமிடம் எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்த்தேன். வரைபடத்தைப் பார்த்துச் சரோஜா அக்கா சொன்ன தீவு முனையையும் காசிமின் கடையையும் தாளில் குறித்தேன். துணி அளக்கும் இரும்புக் கோலை வைத்து, ஒவ்வோர் இடத்திலிருந்தும் வெள்ளி இருக்கும் திசையை வரைந்து, அதிலிருந்து முஷ்டிகளைத் தள்ளி இரண்டு கோடு இழுத்தேன். தீவிலிருந்து இரண்டு, இரண்டரை கிலோமீட்டர் தூரத்தில் அவை வெட்டிக்கொண்டன. விமலா வெள்ளி ஜரிகையை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் குடும்பத்தில் அது அபூர்வம்.

அவசர எண்ணைக் கூப்பிட்டேன். கடல் மீட்புப் பணியில் இருந்த அதிகாரிக்கு இணைத்தார்கள். மலாயில் பேசினோம். அம்மா என்பதற்கு அவர் புவான் என்றார்.

"இடம் தெரியுமா, புவான்?"

சொன்னேன்.

"எவ்வளவு துல்லியம்?"

"அரை முஷ்டி தவறலாம்."

முஷ்டி என்றால் என்ன என்று விளக்கினேன். ஒரு கிலோமீட்டர் அகலத்துக்குத் தேட வேண்டியிருக்கும் என்றேன். "சரி, எழுதிக்கொள்கிறேன்," என்றார். அவர் எழுதியது என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அடுத்ததாக, "வெளிச்சத்தை முதலில் எப்போது பார்த்தார்கள்?" என்றார்.

எட்டு மணி என்று சொல்லியிருக்கலாம். காசிம் அழைத்தது எட்டு மணிக்குத்தான். அது பொய்யும் ஆகாது. சரோஜா அக்கா யாரிடமும் போய் என்னைப் பற்றிப் புகார் சொல்லப் போவதில்லை. குறிப்பேடு என் கைப்பையில் இருந்தது. இவ்வளவும் ஒரு மூச்சு இழுக்கும் நேரத்தில் என் மனத்தில் ஓடி முடிந்தது. உங்களுக்கும் ஓடும். அதனால்தான் சொல்கிறேன்.

ஆனால் அவர் அதைக் கேட்டது என்னைப் பிடிக்க இல்லை. படகு நீரோட்டத்தில் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகப் போகிறது என்று கணக்கிடக் கேட்டார்.

"ஏழு முப்பத்து நான்கு," என்றேன். "அப்போது அது வெள்ளிக் கிரகம் என்று சொல்லி அனுப்பிவிட்டோம்."

"யார் சொன்னது?"

"நான்."

அவர் கோபப்படவில்லை. என் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். பிறகு, "அப்போது எங்கே இருந்தது என்று அந்த அம்மாவுக்கு நினைவிருக்குமா?" என்றார்.

சரோஜா அக்காவைக் கேட்டேன். "அப்போ படகுத்துறையில கடைசிக் கம்பத்துக்கு நேரா இருந்துச்சு. இப்போ அதுக்கு வலது பக்கம் ஒரு முஷ்டி."

"நீங்க எடம் மாறலையே?"

"அதே படியிலதான் உக்காந்திருக்கேன். சோறு கூட இன்னும் ஆக்கல."

முப்பது நிமிடத்துக்கும் அதிகமான நேரத்தில் ஒரு முஷ்டி, வலது பக்கம். அதிகாரி உடனே திசையைப் புரிந்துகொண்டார். பத்து நிமிடமோ என்னவோ கழித்து, படகு கிளம்பிவிட்டது என்றார்.

எட்டு நாற்பதுக்கு சரோஜா அக்கா, "அணைஞ்சிடுச்சு," என்றார்.

நான் இன்னொரு காதில் அதிகாரியிடம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, இருக்கீங்களா? அணைஞ்சிடுச்சு."

"அந்த இடத்துலேர்ந்து கண்ணை எடுக்காதீங்க. வெள்ளியிலேர்ந்து அளந்துக்கிட்டே இருங்க."

நம் ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இங்கே வெள்ளி சாய்ந்து இறங்காது, ஏறத்தாழ நேர்கீழாக இறங்கும். அது உயரம் குறைந்தாலும் திசை அதிகம் மாறாது. அன்று எங்களுக்குக் கிடைத்த ஒரே சலுகை அதுதான். ஒரு காதில் சரோஜா அக்கா, இன்னொரு காதில் அதிகாரி. கடைக்காரர் கடை மூடும் நேரம் தாண்டியும் விளக்கை அணைக்காமல் நின்றார்.

"பெரிய லைட்டோட ஒரு படகு வருதுக்கா. இடது பக்கம் தேடுது. நான் பாத்த எடம் அது இல்ல. இன்னும் வலது பக்கம்."

"எவ்வளவு?"

"முக்கால் முஷ்டி."

அதை மலாயில் சொன்னேன். அதிகாரி அதைப் படகுக்குச் சொன்னார். முஷ்டி என்றே சொன்னார், காதில் விழுந்தது. சரோஜா அக்கா, "போகுது, போகுது... இன்னும் கொஞ்சம்... நிக்கச் சொல்லுங்க!" என்றார். நான் நிற்கச் சொன்னேன். படகு நின்றது. எட்டு ஐம்பது இருக்கும். ஐந்து நிமிடம் கழித்து, கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அதிகாரி சொன்னார்.

பாதி தண்ணீர் ஏறிய மீன்பிடிப் படகு. எந்திரம் செத்துப் போயிருந்தது. பிஸ்கட் டின்னில் எண்ணெய்த் துணியைப் போட்டு எரித்திருக்கிறார்கள். துணி தீர்ந்ததும் சட்டை. உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். மொத்தம் மூன்று பேர் கிளம்பியவர்கள். எரிக்க ஒன்றும் இல்லை என்றானதும், எட்டரை மணி வாக்கில், மூன்றாமவர் தீவின் வெளிச்சத்தைப் பார்த்து நீந்தக் குதித்துவிட்டார். "ஒருத்தன் கூட நம்மைப் பார்க்கவில்லை" என்று சொல்லிவிட்டுக் குதித்தாராம்.

நேரக் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். ஏழு முப்பத்து நான்குக்கே நான் கேட்க வேண்டியதைக் கேட்டிருந்தால், மீட்புப் படகு போய்ச் சேரும்போது அவர் படகில்தான் இருந்திருப்பார்.

விமலா என்னைச் சாலாக் செலாத்தானில் உள்ள என் வீட்டில் கொண்டுவந்து விட்டாள். வழியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "ரெண்டு பேரு கெடைச்சாங்க இல்ல." நான் அவளிடம் அப்படிச் சொல்ல வேண்டாம் என்றேன். அந்த வார்த்தையை அதன் பிறகு எனக்கு நிறையப் பேர் சொன்னார்கள். எல்லோரும் நல்லவர்கள்.

காலை ஏழரைக்கு அதிகாரி கூப்பிட்டார். சதுப்பு மரக்காட்டில், வேர்களுக்கு நடுவே ஆளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். உயிரோடு. கால் இரண்டும் கிழிந்து, பேச முடியாமல், ஆனால் உயிரோடு. நான் நன்றி சொன்னேன். அவர், "புவான், ஒரு சந்தேகம். உங்கள் முஷ்டியைப் பிடிக்கும்போது கட்டைவிரல் உள்ளேயா, வெளியேயா?" என்று கேட்டார். வெளியே, ஆனால் கணக்கில் சேராது என்றேன். எழுதிக்கொண்டார்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் என் மேலாளர் குறிப்பேட்டைப் பார்த்தார். "ஏழு முப்பத்து நான்கு, வெள்ளி" என்ற வரியைப் பற்றி ஒன்றும் செய்ய வேண்டாம், யாரும் பார்க்கப் போவதில்லை என்றார். என் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். நான் அந்த வரியை அடிக்கவில்லை. அதற்குக் கீழே, "இது வெள்ளி இல்லை. உயரம் கேட்கவில்லை" என்று எழுதிக் கையொப்பம் போட்டேன். அந்தக் குறிப்பேடு இன்னும் அலமாரியில் இருக்கிறது. தேடிப் பாருங்கள்.

நான் வானியல் தெரியாமல் தவறவில்லை. வெள்ளி அன்று மேற்கேதான் இருந்தது, தாழ்ந்த கிரகம் சிவப்பாகத்தான் தெரியும், மினுக்கத்தான் செய்யும். நான் அந்த அம்மாவுக்குச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. அவர் பார்த்த பொருளைப் பற்றி மட்டும் அதில் ஒன்றும் இல்லை. நூறு அழைப்பில் தொண்ணூற்றொன்பது வெள்ளியாக இருக்கலாம். ஆனால் கூப்பிடுகிறவருக்கு அது அவருடைய முதல் அழைப்பு. அவர் எங்கே நிற்கிறார் என்று தெரியாமல், அவர் எதைப் பார்க்கிறார் என்று உங்களால் சொல்ல முடியாது. இதற்கு மேல் உபதேசம் செய்ய எனக்குத் தகுதி இல்லை.

மூன்று வாரம் கழித்து, மறுபடி என் முறை வந்தபோது, வீட்டில் இருந்தேன். சாயங்காலம். கேரி தீவு எண்.

"அக்கா, சரோஜா. மேற்கே ஒண்ணு தெரியுது."

எங்கே நிற்கிறார் என்று கேட்டேன். அதே படி. எத்தனை முஷ்டி? ஒன்றரை. பத்து நிமிடம் காத்திருந்து மறுபடி அளக்கச் சொன்னேன். நாங்கள் இருவரும் பத்து நிமிடம் இணைப்பிலேயே இருந்தோம். அவர் வீட்டில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அளந்தார். கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்றார். எவ்வளவு என்றேன். சுண்டு விரல் இரண்டு, இரண்டரை. சரியாக இருந்தது.

"வெள்ளிதான் அக்கா."

"நல்லா பாத்துட்டுத்தான் சொல்றீங்களா?"

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். எதிர்வீட்டுக் கூரைக்கும் மின்கம்பிக்கும் நடுவில் அது இருந்தது. கையை நீட்டி அளந்தேன். ஒரு முஷ்டியும் கொஞ்சமும்.

"பாத்துட்டேன்," என்றேன்.

"சரி," என்றார் சரோஜா அக்கா. "அப்போ வெள்ளின்னு எழுதிக்குங்க."